காயம்பட்ட நகரங்கள் கைகோத்த கதை

(இங்கிலாந்தின் கொவென்றி நகரில் தமிழ்ப் பள்ளியொன்றின் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நான் பேச்சாளன் அல்லன். பொறியியல் படித்து, கணினி வலையமைப்புத் துறையில் பணிபுரிந்து, வார இறுதியில் இப்பள்ளியில் நாற்காலி அடுக்கும் தொண்டர்களில் ஒருவன். சென்ற மாதம் பள்ளி நிர்வாகத்தினர் என்னை அழைத்தனர். "டிரெஸ்டன் நகரிலிருந்து ஓர் இளையோர் குழு கொவென்றிக்கு வருகிறது. அவர்களைத் தங்கவைக்க வீடுகள் தேவை. நம் பெற்றோரிடம் கேட்டால், 'இது எதற்கு, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்கிறார்கள். நட்பு நகரம் என்றால் என்னவென்று நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்" என்றனர். அந்த வேண்டுகோளின் பேரிலேயே உங்கள் முன் நிற்கிறேன்.

ஆங்கிலேயர் இதனை 'இரட்டை நகரம்' என்பர். பிரெஞ்சுக்காரர் வழங்கும் 'ஜுமெலாஜ்' என்ற சொல்லுக்கும் இரட்டையாக்குதல் என்பதே பொருள். உருசிய மொழியில் இவை உடன்பிறவாச் சகோதர நகரங்கள். ஜேர்மானியர் மட்டும் 'பங்காளி நகரம்' என்ற பொருளில் ஒரு சொல்லை வழங்குகின்றனர். நம் ஊரில் பங்காளி என்றதும் வேலிச் சண்டையும் காணி வழக்குமே நினைவுக்கு வரும். வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஐரோப்பாவில் இந்த உறவு பிறந்ததும் வேலிச் சண்டையின் சாம்பலிலிருந்துதான்.

ஒரு மேசை விரிப்பு

நாம் வாழும் இந்நகரிலிருந்தே தொடங்குகிறேன். 1940 நவம்பர் 14 இரவு, ஜேர்மானிய விமானங்கள் கொவென்றி மீது விடிய விடியக் குண்டு மழை பொழிந்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆயிரக்கணக்கான வீடுகள் அழிந்தன. இடைக்காலத்தில் எழுப்பப்பட்ட பேராலயம் எரிந்து, சுவர்களும் கோபுரமும் மட்டுமே எஞ்சின. இன்றும் நகர நடுவில் நாம் காண்பது அந்தச் சுவர்களைத்தான்.

ஈராண்டுகள் கழித்து, இங்கிருந்து வெகு தொலைவில், வொல்கா ஆற்றங்கரையில் ஸ்ராலின்கிராட் நகரம் எரிந்துகொண்டிருந்தது. 1942 கோடையில் தொடங்கிய அப்போர் 1943 பெப்ரவரி 2 அன்றுதான் முடிந்தது. கொவென்றியின் பெண்கள் அச்செய்திகளைப் படித்தார்கள். வீடு இழப்பது என்னவென்று அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுள் 830 பேர் தத்தம் பெயரை ஒரு மேசை விரிப்பில் நூலால் தைத்தனர். பெரிய பரிவைக் காட்டிலும் சிறிய உதவி மேலானது என்ற கருத்தையும் அதில் தைத்தனர். ஆளுக்குச் சிறு தொகை திரட்டி, அவ்விரிப்போடு ஸ்ராலின்கிராட் மக்களுக்கு அனுப்பிவைத்தனர். இன்றும் அந்த மேசை விரிப்பு அந்நகரின் போர் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

1944ஆம் ஆண்டு, போர் முடிவதற்கு முன்னரே, இவ்விரு நகரங்களும் நட்பு நகரங்களாயின. ஐரோப்பாவில் இதற்கு முன்பும் சில முயற்சிகள் இருந்தன. முதல் உலகப் போருக்குப் பின் 1920இல் இங்கிலாந்தின் கீத்லி நகரம் பிரான்சின் புவா-து-நோர் என்ற சிற்றூரைத் தத்தெடுத்தது. ஆயினும் இன்று நாம் அறிந்த நட்பு நகர இயக்கத்துக்கு முன்னோடி என்று பலரும் கொவென்றியையும் ஸ்ராலின்கிராடையுமே குறிப்பிடுகின்றனர்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். ஸ்ராலின்கிராட் நட்பு நாட்டின் நகரம். ஒரே பகைவனால் அடிபட்ட இருவர் கைகோப்பது கடினமன்று. அடித்தவனின் ஊரோடு கைகோப்பதுதான் கடினம். கொவென்றி அதையும் செய்தது. 1947இல் ஜேர்மனியின் கீல் நகரோடும், 1959இல் டிரெஸ்டன் நகரோடும் உறவு பூண்டது.

டிரெஸ்டன் 1945 பெப்ரவரி 13 முதல் 15 வரை பிரித்தானிய, அமெரிக்க விமானங்களால் எரிக்கப்பட்ட நகரம். மாண்டோர் 25,000 பேர் வரை இருக்கலாம் என்று 2010இல் வரலாற்றறிஞர் குழுவொன்று கணக்கிட்டது. அந்நகரம் அன்று கிழக்கு ஜேர்மனியில் இருந்தது. அந்த அரசைப் பிரித்தானியா 1973 வரை அங்கீகரிக்கவில்லை. அரசுகள் ஒன்றையொன்று ஏறெடுத்தும் பாராத அந்த 14 ஆண்டுகளிலும் இரு நகரங்களும் உறவு கொண்டிருந்தன. 1965இல் இங்கிருந்து இளைஞர்கள் டிரெஸ்டனுக்குச் சென்று, குண்டு வீச்சில் இடிந்த ஒரு மருத்துவமனையைத் தம் கைகளால் கட்டியெழுப்ப உதவினார்கள்.

டிரெஸ்டனின் புகழ்பெற்ற அன்னை ஆலயம் 2005இல் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் குவிமாடத்தின் உச்சியில் உள்ள பொற்சிலுவை பிரித்தானிய மக்களின் நன்கொடையால் செய்யப்பட்டது. அதைச் செய்த இலண்டன் பொற்கொல்லரின் தந்தை, 1945இல் அந்நகர் மீது குண்டு வீசச் சென்ற விமானிகளுள் ஒருவர்.

எனக்கு எளிதாக இருக்கவில்லை

இவற்றையெல்லாம் கேட்கும்போது நெஞ்சம் நெகிழ்கிறது. ஆனால் உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் இந்நகருக்கு வந்த புதிதில் பேராலயத்தின் இடிபாடுகளைப் பார்க்கச் சென்றேன. பலிபீடத்தின் பின்சுவரில் 'தந்தையே, மன்னியும்' என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. குண்டு வீச்சுக்குப் பின் அக்காலத் தலைமைக் குரு ரிச்சர்ட் ஹவர்ட் பொறிக்கச் செய்த சொற்கள் அவை. அங்கே 'அவர்களை' என்ற சொல் இல்லை. மன்னிப்பு வேண்டுவோர் நாம் அனைவருமே என்பது அவர் கருத்து.

அந்தச் சுவரின் முன் எனக்குக் கோபமே வந்தது. போரில் வீடு இழந்த குடும்பத்தில் பிறந்தவன் நான். இங்குள்ள உங்களில் பலரும் அவ்வாறே. செய்தவன் செய்ததை ஒப்புக்கொள்ளாதபோது மன்னிப்பு என்ற சொல்லை எப்படி எடுப்பது? அடிபட்டவனிடமே எல்லாப் பெருந்தன்மையையும் எதிர்பார்ப்பது எந்த நியாயம்? அந்தக் கேள்வியோடுதான் வீடு திரும்பினேன்.

சில ஆண்டுகள் கழித்து டிரெஸ்டனிலிருந்து ஒரு பாடகர் குழு வந்தது. அண்டை வீட்டார் கேட்டுக்கொண்டதால் ஒருவரை மூன்று நாள்கள் எம் வீட்டில் தங்கவைத்தோம். அறுபதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். காலையில் என் துணைவியார் இடியப்பமும் சொதியும் வைத்தார். கரண்டியோடு போராடிவிட்டு, எம்மைப் பார்த்துக் கையால் உண்ணத் தொடங்கினார்.

இரண்டாம் நாள் அவரை இடிபாடுகளுக்கு அழைத்துச் சென்றேன். அவருடைய தாயார் சிறுமியாக அந்தப் பெப்ரவரி இரவைக் கடந்தவர் என்பதை முன்னரே சொல்லியிருந்தார். எனவே அவர் தம் நகரின் துயரத்தைப் பேசுவார் என எதிர்பார்த்தேன். அவர் வேறொன்றைச் சொன்னார். "எங்கள் நகரம் எரிந்தது 1945இல். ஆனால் எங்கள் யூதத் தொழுகைக்கூடம் எரிந்தது 1938 நவம்பரில். அதை எரித்தவை அந்நிய விமானங்கள் அல்ல. எங்கள் ஊர்க்காரர்கள். அதைச் சொல்லாமல் இங்கு வந்து நிற்க எனக்கு உரிமையில்லை" என்றார்.

அன்று என் கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது. இந்த நட்பு, நடந்ததை மூடி மறைத்துக் கட்டப்பட்டதன்று. நடந்ததைச் சொல்லக் கூடியவர்களால் கட்டப்பட்டது.

ஒரே ஊரில் நட்பும் நீதியும்

மீதிப் பாதி விடை எனக்கு வேறோர் ஊரின் வரலாற்றில் கிடைத்தது. தென்மேற்கு ஜேர்மனியில், ஸ்ருட்கார்ட் நகருக்கு அருகே, லுட்விக்ஸ்பூர்க் என்ற நகரம் உள்ளது. பிரான்சின் கிழக்கு எல்லையருகே மொன்பெலியார் என்ற நகரம் உள்ளது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள், பிரெஞ்சுப் புரட்சிக்காலம் வரை, மொன்பெலியார் வூர்ட்டெம்பேர்க் அரச குடும்பத்தின் ஆட்சியில் இருந்தது. அக்குடும்பத்தின் அரண்மனை நகரமே லுட்விக்ஸ்பூர்க். எனவே இரு ஊர்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. ஆயினும் எழுபது ஆண்டுகளில் மூன்று பெரும் போர்களைக் கண்ட இரு நாடுகளின் ஊர்கள் அவை.

1950இல் இவ்விரு நகரங்களும் கைகோத்தன. பிரெஞ்சு-ஜேர்மன் நட்பு நகரங்களில் இதுவே முதலாவது. மொன்பெலியாரின் நகரத் தலைவராக அன்றிருந்தவர் லூசியன் தாரதன். அவர் நாசி ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடியவர். அதற்காகப் புகன்வால்ட் வதைமுகாமில் அடைக்கப்பட்டு உயிர் மீண்டவர். போர் முடிந்து ஐந்தே ஆண்டுகளில், வதைமுகாமிலிருந்து வந்த ஒருவர், அம்முகாமைக் கட்டிய நாட்டின் ஒரு நகரை நோக்கிக் கை நீட்டினார். முறையான ஒப்பந்தம் 1962இல்தான் கையெழுத்தாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் அவசரப்படாமல் பழகிப் பார்த்த பின்னரே கையெழுத்திட்டனர்.

அதே 1962 செப்டம்பர் 9 அன்று, பிரெஞ்சு அதிபர் து கோல் லுட்விக்ஸ்பூர்க் அரண்மனை முற்றத்தில் ஜேர்மானிய இளைஞர்கள் முன் நின்று அவர்களுடைய மொழியிலேயே உரையாற்றினார். 1963 சனவரி 22 அன்று இரு நாடுகளும் எலிசே உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அவ்வாண்டே தொடங்கப்பட்ட இளையோர் பரிமாற்ற நிறுவனத்தின் வழியாக இதுவரை 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட இளையோர் எல்லை கடந்து பழகியுள்ளனர். பிரெஞ்சு-ஜேர்மன் நட்பு நகர இணைகள் இன்று இரண்டாயிரத்தைக் கடந்துள்ளன. அரசுகளின் உடன்படிக்கைக்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே இரண்டு சிறு நகரங்கள் அந்தப் பாதையில் நடந்துவிட்டன என்பதே நாம் காண வேண்டியது.

ஆனால் லுட்விக்ஸ்பூர்க்குக்கு இன்னொரு முகமும் உண்டு. 1958இல், நாசிக் குற்றங்களைப் புலனாய்வு செய்வதற்கான மத்திய அலுவலகம் அதே நகரில்தான் அமைக்கப்பட்டது. பழைய சிறைச்சாலைக் கட்டடமொன்றில் அது இயங்குகிறது. குற்றம் புரிந்தோர், சாட்சிகள், இடங்கள் என்று 17 இலட்சம் அளவிலான குறிப்பட்டைகள் அங்கே தொகுக்கப்பட்டன. தொடக்கத்தில் அந்நகரத்தார் பலரே அந்த அலுவலகத்தை விரும்பவில்லை. எனினும் அது நின்றது. அங்கு தொகுத்த ஆவணங்களைக் கொண்டு, தொண்ணூறு வயது கடந்த முகாம் காவலர்கள்கூட அண்மை ஆண்டுகளில் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டனர்.

ஒரே நகரம். ஒரு தெருவில் பிரெஞ்சுப் பிள்ளைகள் ஜேர்மானிய வீடுகளில் விருந்தினராகத் தங்கினார்கள். மற்றொரு தெருவில் அரசு வழக்கறிஞர்கள் கொலையாளிகளின் பெயர்களை அட்டைகளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். முன்னது பின்னதைத் தடுக்கவில்லை. பின்னது முன்னதைக் கெடுக்கவும் இல்லை.

நண்பர்களே, இன்று நான் சொல்ல வந்தது இதுதான். நட்பு நீதிக்கு மாற்று அன்று. நீதி கிடைக்கும் வரை நட்பைத் தள்ளிப்போட வேண்டும் என்பதும் இல்லை. நட்பு என்று சொல்லி நம் வாயை அடைக்க வருபவரிடம் லுட்விக்ஸ்பூர்க்கின் அந்தப் பழைய சிறைச்சாலையைக் காட்டுங்கள். எதிர்த்தரப்பில் ஒருவர்கூட நல்லவர் இல்லை என்று சொல்பவரிடம் தாரதனைக் காட்டுங்கள்.

துடிப்பு இல்லாத இணைப்பு

இனி என் தொழிலிலிருந்து ஓர் உவமை சொல்ல அனுமதியுங்கள். இரண்டு கணினிகளுக்கிடையே இணைப்பு ஏற்படுத்தினால் மட்டும் போதாது. தகவல் எதுவும் செல்லாத வேளையிலும், சில நொடிகளுக்கு ஒருமுறை, 'இருக்கிறாயா?' 'இருக்கிறேன்' என்று அவை சிறு துடிப்புச் செய்திகளைப் பரிமாறும். அந்தத் துடிப்பு நின்றால், கம்பி அறுபடாமல் இருந்தாலும், இணைப்பு இறந்துவிட்டதாகவே கருவி முடிவுசெய்யும்.

நட்பு நகரங்களும் அவ்வாறே. இங்கிலாந்தின் பிஷப்ஸ் ஸ்ரொட்பேர்ட் என்ற நகரம் பிரான்சின் ஒரு நகரோடும் ஜேர்மனியின் ஒரு நகரோடும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொண்டிருந்த உறவை 2011இல் முடித்துக்கொண்டது. அங்கே சண்டை எதுவும் நடக்கவில்லை. அதனாலேயே இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பகையால் முறியும் உறவைவிடப் பழக்கம் விட்டுப்போய் முறியும் உறவுகளே மிகுதி. பயணம் போகிறவர்கள் முதியவர்களாகிறார்கள், இளையவர்கள் வருவதில்லை, ஒருநாள் பெயர்ப்பலகை மட்டுமே எஞ்சுகிறது.

துடிப்பு உள்ள இணைப்பு இடர்வேளையில் என்ன செய்யும் என்பதை 2022இல் கண்டோம். உக்ரைன் மீது உருசியா முழுப்படையெடுப்பைத் தொடங்கியபோது, 1989 முதல் லிவிவ் நகரின் நட்பு நகரமாயிருந்த ஜேர்மனியின் பிரைபூர்க், உதவிப் பொருள்களைத் தாமதமின்றி லாரிகளில் அனுப்பியது. யாரிடம் கேட்பது, எந்த மருத்துவமனைக்கு எது தேவை, யார் பொறுப்பேற்பார் என்பவையெல்லாம் அவர்களுக்கு முன்னரே தெரிந்திருந்தன. பல ஆண்டுகள் விருந்துண்டு பழகியதன் பயன் அது. அதன் பின் உக்ரைனிய நகரங்களோடு புதிதாக உறவு பூண்ட ஜேர்மானிய நகரங்கள் பல. தலைநகர் பெர்லினும் கீவ் நகரும் 2023இல் ஒப்பந்தம் செய்துகொண்டன.

அதே 2022இல் நம் கொவென்றிக்கும் ஒரு சோதனை வந்தது. ஸ்ராலின்கிராட் 1961 முதல் வொல்கோகிராட் என்று அழைக்கப்படுகிறது. பனிப்போர் முழுவதையும் தாங்கிய அந்த உறவின் அதிகாரமுறைத் தொடர்புகளைக் கொவென்றி மாநகர சபை இடைநிறுத்தியது. குண்டு வீசும் அரசின் நகரத் தலைவரோடு மேடையில் கைகுலுக்க இயலாது என்பதை நான் ஏற்கிறேன். குண்டு விழுந்த நகரம் வேறு எந்த நிலைப்பாட்டை எடுத்திருக்க முடியும்? ஆனால் இடைநிறுத்துவது வேறு, அறுத்தெறிவது வேறு. நம் நகரின் வட்டச் சாலையருகே வொல்கோகிராட் சதுக்கம் இருக்கிறது. அங்கே அந்தப் பெண்கள் தைத்த விரிப்பும் இருக்கிறது. அவர்கள் அதை ஓர் அரசுக்கு அனுப்பவில்லை, வீடு எரிந்த மக்களுக்கு அனுப்பினார்கள். ஒருநாள் அந்த வழி மீண்டும் திறக்கும்போது, அதில் நடக்க ஆள்கள் வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

'நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்ற கேள்விக்கு வருகிறேன். தொடர்பு உண்டு. 2016இல் இலண்டனின் கிங்ஸ்டன் நகரமும் யாழ்ப்பாணமும் நட்பு நகரங்களாக ஒப்பந்தம் செய்துகொண்டன. அதே கிங்ஸ்டன் ஜேர்மனியின் ஓல்டன்பூர்க் நகரோடும் உறவு கொண்டது. ஐரோப்பியர் தங்கள் காயங்களை ஆற்றுவதற்குக் கண்ட ஒரு வழிமுறையில் நம் ஊரின் பெயரும் சேர்ந்திருக்கிறது. அந்த ஒப்பந்தத்துக்கு உயிர் கொடுப்பது கையெழுத்து அன்று. அங்குள்ள ஒரு பள்ளிக்கும் இங்குள்ள ஒரு பள்ளிக்கும், அங்குள்ள ஒரு நூலகத்துக்கும் இங்குள்ள ஒரு நூலகத்துக்கும் இடையே நடக்கும் போக்குவரத்தே அதற்கு உயிர்.

இதைச் செய்யும் முறையை நாம் கற்க வேண்டுமானால், அதை எண்பது ஆண்டுகளாகச் செய்துவரும் நகரிலேயே நாம் வாழ்கிறோம். கற்கும் இடம் நம் வீட்டு உணவு மேசைதான்.

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நட்புக் கொண்டார்கள் என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஒருவர் சோழ நாட்டு மன்னர், மற்றவர் பாண்டிய நாட்டுப் புலவர். உயர்ந்த நட்பு அது. ஆனால் அது சான்றோர்க்கு உரியது. நம்மைப் போன்ற எளியவர்கள் ஒருவரையொருவர் நம்புவதற்கு முகம் பார்க்க வேண்டும், சேர்ந்து உண்ண வேண்டும். காலையில் குளியலறைக்கு யார் முதலில் செல்வது என்று தயங்கி நிற்கவும் வேண்டும்.

வரவிருக்கும் குழுவில் பதினான்கு மாணவர்கள். வயது பதினைந்து, பதினாறு. நான்கு இரவுகள். இதுவரை ஆறு பேருக்கே வீடு கிடைத்திருக்கிறது. தனி அறை வேண்டியதில்லை. பிள்ளைகளின் அறையில் ஒரு மெத்தை போதும். ஆங்கிலம் சரளமாகப் பேச வராதே என்று தயங்கும் தாய்மாருக்கு ஒன்று சொல்வேன். வருகிற பிள்ளைக்கும் அது தாய்மொழி அன்று. நீங்கள் இருவரும் சமநிலையில்தான் நிற்பீர்கள். என்ன சமைப்பது என்று கேட்கிறீர்களா? வழக்கமாகச் சமைப்பதையே சமையுங்கள், மிளகாய்த்தூளை மட்டும் சற்றுக் குறையுங்கள்.

அப்பிள்ளைகள் உங்களிடம், 'நீங்கள் ஏன் இந்நாட்டுக்கு வந்தீர்கள்?' என்று கேட்பார்கள். தயங்காமல் சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். தங்கள் ஊரின் கதையை மறைக்காமல் சொல்லக் கற்ற பிள்ளைகள் அவர்கள். நம் கதையைக் கேட்கவும் அறிந்தவர்கள். நம் பிள்ளைகளும் அருகிலிருந்து கேட்கட்டும். நம்மில் பலர் நம் பிள்ளைகளுக்கே இன்னும் அதைச் சொல்லவில்லை என்பதையும் நினைவிற்கொள்வோம்.

வாயிலருகே மேசையில் ஒரு தாள் வைக்கப்பட்டிருக்கிறது. எண்பது ஆண்டுகளுக்கு முன் இந்நகரின் பெண்கள் 830 பேர் தங்கள் பெயரைத் துணியில் தைத்தார்கள். உங்களிடம் நான் கேட்பது பேனாவால் எட்டுப் பெயர்கள் மட்டுமே. ஒன்பதாவதாக என் பெயரையும் எழுதியிருக்கிறேன், எவராவது கடைசி நேரத்தில் வர இயலாமற்போனால் உதவட்டும் என்று.